காசிமேட்டுக் கடலில் எத்தனை தண்ணீர்?

சென்ற சித்திரையில் ஒருநாள் ஒரு லிட்டர் கடல்நீரை அடுப்பில் ஏற்றிக் காய்ச்சினேன். வடசென்னையில் உள்ள காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குள் தேங்கிக் கிடக்கும் தண்ணீர் இல்லை. அதில் டீசலும் மீன் கழுவிய நீரும் கலந்திருக்கும். பக்கத்து வீட்டு அண்ணன் ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறவர். கரையிலிருந்து எட்டுப் பத்து கிலோமீட்டர் தள்ளி, வலை விட்ட இடத்தில் மொண்டு, நான்கு பாட்டில்களில் அடைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். "உப்பு தீர்ந்துபோனால் எங்கள் வீட்டில் கேட்டிருக்கலாமே தம்பி" என்று ஒரு கிண்டலையும் சேர்த்தே கொடுத்தார். இரண்டு பாட்டில்களை மூடி இறுக்கிப் பரணில் வைத்தேன். அவற்றுக்கான வேலை பின்னால் வருகிறது.

பழைய எவர்சில்வர் பாத்திரத்தில் தண்ணீர் பாதியாகச் சுண்டும் முன்பே ஓரங்களில் மெல்லிய வெள்ளைப் படலம் ஏறியது. வெந்நீர்ப் பானையின் உட்புறத்தில் படியுமே, அதே சுண்ணாம்புப் படிவு. அதன்பின் வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பத்தில் ஒரு பங்காக வற்றியபோது மேற்பரப்பில் சின்னச் சின்னச் சதுரங்கள் மிதக்கத் தொடங்கின. அதுதான் நாம் சாப்பிடும் உப்பு. அதற்கப்புறம் உப்பு கடுகைப் போலத் தெறித்ததால் தீயைக் குறைத்து, கரண்டியால் கிளறி, ஒருவழியாகக் காயவைத்தேன். சமையலறைத் தராசில் 36 கிராம் காட்டியது. புத்தகத்தில் படித்ததும் ஏறக்குறைய அதுதான். சந்தோஷமாகத் தட்டில் கொட்டி மேசையில் வைத்துவிட்டுத் தூங்கப் போனேன்.

காலையில் பார்த்தால் தட்டில் ஈரம். எடை 41 கிராம். மறுபடி அடுப்பில் வைத்து, இந்த முறை விடாப்பிடியாகக் காய்ச்சினேன். மூக்கில் ஏறும் ஒரு நெடி வந்தது. எடை 33-க்கு இறங்கியது. 36, 41, 33: இதில் எது சரி?

எதுவுமே சரியில்லை. கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடு இருக்கிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம். விடாமல் காய்ச்சினால் அதே மக்னீசியம் குளோரைடு சிதைந்து, தன்னிடமிருந்த குளோரினில் ஒரு பகுதியை ஆவியாக விட்டுவிடும். ஆகவே உலர்த்தினால் ஈரம் மிஞ்சும்; ஈரத்தை முழுக்க விரட்டினால் உப்பே போய்விடும். என் சமையலறைத் தராசின் குறை வேறு இருந்தாலும், முக்கியமான குறை உப்பின் சுபாவத்திலேயே இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் வேதியியலாளர்களும் இதே இடத்தில்தான் முட்டிக்கொண்டார்கள்.

அவர்கள் கண்டுபிடித்த வழி அழகானது. 1819-இல் அலெக்ஸாண்டர் மார்செட் என்பவர் பல கடல்களின் நீரை ஆராய்ந்து, உப்பின் மொத்த அளவு இடத்துக்கு இடம் மாறினாலும் அதிலுள்ள பொருள்களின் விகிதம் மாறுவதில்லை என்று கண்டார். 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிவந்த சேலஞ்சர் என்ற பிரிட்டிஷ் கப்பல் கொண்டுவந்த நீரில் 77 மாதிரிகளை வில்லியம் டிட்மார் பொறுமையாகப் பகுத்துப் பார்த்து, 1884-இல் அதை உறுதிப்படுத்தினார். சாம்பாரில் எவ்வளவு தண்ணீர் ஊற்றி நீட்டினாலும் பருப்புக்கும் புளிக்கும் உள்ள விகிதம் மாறாதல்லவா, அப்படி. எனவே எல்லாவற்றையும் அளக்க வேண்டியதில்லை. குளோரினை மட்டும் அளந்தால் மற்றதைக் கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம். வெள்ளி நைட்ரேட் விட்டால் தயிர் திரிந்ததுபோல் வெள்ளையாக இறங்குமே, பள்ளிக்கூட ஆய்வகத்தில் பலரும் செய்திருப்பார்கள், அந்த முறையில்தான் பல பத்தாண்டுகள் கடலின் உப்பை அளந்தார்கள். இன்று அதுவும் இல்லை. உப்பு கூடக்கூட நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அந்தக் கடத்துதிறனையும் வெப்பநிலையையும் ஆழத்தையும் ஒரே நேரத்தில் அளக்கும் கருவியைக் கயிற்றில் கட்டி இறக்கினால், கடலின் உப்பு மட்டம் மீட்டருக்கு மீட்டர் கணினியில் வந்துவிடுகிறது.

உலகக் கடல்களின் சராசரி, ஒரு கிலோ நீருக்கு 35 கிராம். அதில் குளோரைடு 19 கிராம், சோடியம் கிட்டத்தட்ட 11, சல்ஃபேட் 2.7, மக்னீசியம் 1.3, கால்சியமும் பொட்டாசியமும் தலா 0.4. மிச்சம் மீதியில் தங்கம் உட்பட ஏதேதோ உண்டு. தங்கத்தைக் கேட்டுக் கண் விரிய வேண்டாம். பிரித்தெடுக்க ஆகும் செலவுக்கு நகைக்கடையிலேயே வாங்கிவிடலாம்.

என் அடுப்பில் நடந்ததைப் பெரிய அளவில் பார்க்க வேண்டுமென்றால் எண்ணூரைத் தாண்டி அத்திப்பட்டு, காட்டுப்பள்ளிப் பக்கத்து உப்பளங்களைப் பார்க்கலாம். ஒவ்வொரு பொருளும் தன் முறை வரும்போதுதான் இறங்கும்: முதலில் சுண்ணாம்பு, பிறகு ஜிப்சம், அதன்பின் சமையல் உப்பு. உப்பள வேலை தெரிந்தவர்கள் மிதவைக் கண்ணாடிக் குழலைப் போட்டு, நீரின் அடர்த்தியைச் சொல்லும் 'டிகிரி' பார்ப்பார்கள். கடல்நீர் 3 டிகிரிக்குச் சற்று மேலே நிற்கும். 25-க்கு வந்தால் உப்பு விளையும். 29, 30-ஐத் தாண்ட விடாமல் மிச்ச நீரை வடித்துவிட வேண்டும். அந்த மிச்சத்தில்தான் மக்னீசியம் எல்லாம் சேர்ந்து நாக்கில் வைக்க முடியாத கசப்பாக இருக்கும். நான் எதையும் வடிக்காமல் கடைசிச் சொட்டு வரை காய்ச்சியதால் என் 36 கிராமும் கசந்தது.

இந்த உப்பு எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு, ஆறுகள் கொண்டுவந்தன என்று ஒரே வரியில் முடித்துவிடுவதைப் பாடப்புத்தகங்களில் பார்த்திருக்கிறேன். அது பாதி உண்மை. மழைநீரில் லேசான அமிலம் உண்டு. அது பாறையைக் கரைக்கிறது. ஆறு அதைக் கடலில் சேர்க்கிறது. வெயில் தண்ணீரை மட்டும் தூக்கிக்கொண்டு போகிறது, உப்பை விட்டுவிடுகிறது. ஆனால் ஆற்று நீரில் அதிகம் இருப்பது கால்சியமும் பைகார்பனேட்டும். கடலில் அதிகம் இருப்பது சோடியமும் குளோரைடும். கால்சியம் எங்கே போனது? பழவேற்காட்டுக் கரையில் காலில் குத்தும் கிளிஞ்சல்களைக் கேளுங்கள். மட்டியும் நத்தையும் பவளமும் எண்ணற்ற நுண்ணுயிர்களும் அதைப் பிடித்துத் தங்களுக்கு ஓடு கட்டிக்கொள்கின்றன. சோடியத்தை அப்படி யாரும் விரும்பி எடுப்பதில்லை. அது கோடிக்கணக்கான ஆண்டுகள் கடலிலேயே கிடக்கிறது. குளோரினின் பெரும்பகுதி பூமியின் வயிற்றிலிருந்து எரிமலை வாயுவாக வந்து கரைந்தது. வருவதும் போவதும் சமமாக இருப்பதால் கடல் ஆண்டுக்கு ஆண்டு உப்பேறிக்கொண்டு போவதில்லை.

இதுவரை சொன்னது எல்லாம் கரைந்திருப்பவற்றின் கணக்கு. கடலை இயக்குவது அந்த உப்பின் எடை.

ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் ஒரு கிலோ. அதே பாத்திரத்தில் கடல்நீர் 1 கிலோ 25 கிராம். 25 கிராம் என்பது ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை. ஆனால் கப்பல்காரர்களுக்கு அது விளையாட்டில்லை. எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வரும் நிலக்கரிக் கப்பல்களின் பக்கவாட்டில், நடுவே கோடு போட்ட ஒரு வட்டமும் அதை ஒட்டி ஏணிப்படி போன்ற சில கோடுகளும் இருக்கும். சாமுவேல் பிளிம்சால் என்ற பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் போராடி 1876-இல் சட்டமாக்கிய குறியீட்டிலிருந்து வளர்ந்தது அது. எந்தத் தண்ணீரில் எதுவரை மூழ்கலாம் என்று அந்தக் கோடுகள் சொல்கின்றன. நல்ல தண்ணீருக்கு ஒரு கோடு, கடலுக்கு ஒன்று, வெப்பமண்டலக் கடலுக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று. 10 மீட்டர் ஆழம் மூழ்கி ஆற்றுத் துறைமுகத்தில் நிற்கும் கப்பல், சரக்கில் ஒரு மூட்டையைக்கூட இறக்காமலே கடலுக்கு வந்ததும் ஏறக்குறைய கால் மீட்டர் உயர்ந்துவிடும்.

முட்டையை உப்புநீரில் மிதக்கவிடும் சோதனையை எல்லாரும் செய்திருப்போம். 'கடலில் முட்டை மிதக்கும்' என்று அதற்கு விளக்கமும் சொல்வார்கள். நான் நம்பி, அண்ணன் கொடுத்த தண்ணீரில் புது முட்டை ஒன்றைப் போட்டேன். கல்லைப்போல் மூழ்கியது. புது முட்டையின் அடர்த்தி கடல்நீரைவிட அதிகம்; அது மிதக்க வேண்டுமென்றால் இரண்டு மூன்று மடங்கு உப்பு வேண்டும். முட்டை கடலில் மிதந்தால் அது பழைய முட்டை. கடைக்காரரிடம் பேச வேண்டிய விஷயம்.

அடர்த்தியை உப்பு கூட்டும், சூடு குறைக்கும். கடலுக்குள் எந்த நீர் மேலே, எந்த நீர் கீழே என்பதை இந்த இரண்டும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. கனமான நீர் கீழே போய்ப் படுத்துக்கொள்ளும். இலேசான நீர் அதன்மேல் விரிப்பைப் போலப் பரவும். இரண்டும் கலக்க வேண்டுமானால் காற்றோ அலையோ வந்து பலமாகக் கடைய வேண்டும். மோரைக் கடையாமல் வெண்ணெய் பிரியாது. கடலைக் கடையாமல் நீர் சேராது.

சூட்டைப் பற்றிக் கொஞ்சம். மே மாதம் மதியம் திருவொற்றியூர்க் கரையில் செருப்பில்லாமல் நடந்தால் மணல் கொப்பளம் போட்டுவிடும். பத்தடி தள்ளி அலையில் கால் வைத்தால் இதமாக இருக்கிறது. இரண்டின்மேலும் அடிப்பது ஒரே வெயில்தான். தண்ணீர் சூட்டை விழுங்கிக்கொண்டு வெளியே காட்டாது. ஒரு கன மீட்டர் கடல்நீரை 1 டிகிரி சூடேற்றும் வெப்பத்தைக் கொண்டு 3,000 கன மீட்டருக்கும் மேலான காற்றை 1 டிகிரி சூடேற்றலாம். வளிமண்டலம் முழுவதையும் 1 டிகிரி சூடேற்றும் வெப்பத்தைக் கொண்டு, உலகக் கடல்களின் மேல் மூன்று நான்கு மீட்டர் நீரை மட்டுமே 1 டிகிரி சூடேற்ற முடியும். இப்படித் தரை சூடாகி, கடல் ஆகாமல் இருப்பதால்தான் மதியத்துக்கு மேல் கடல்காற்று உள்ளே வருகிறது. மேற்கிலிருந்து கச்சான் காற்று பலமாக அடித்து, கடல்காற்றை உள்ளே விடாமல் தடுக்கும் நாளில் வண்ணாரப்பேட்டை வீடுகளில் மின்விசிறியும் அனல் வீசுகிறது.

ஆனால் இந்தச் சூடு மேலோடு சரி. வங்கக் கடலின் மேற்பரப்பு ஆண்டின் பெரும்பகுதி 28 முதல் 30 டிகிரி செல்சியஸ். கீழே போகப்போக முதல் சில நூறு மீட்டருக்குள் விறுவிறுவென்று குளிர்கிறது. 1,000 மீட்டரில் 6, 7 டிகிரி. 3,000 மீட்டருக்குக் கீழே 2 டிகிரிக்குப் பக்கம். வெப்பமண்டலத்தில் இவ்வளவு குளிர்ந்த நீர் எப்படி? அது இங்கே குளிர்ந்த நீரே இல்லை. அண்டார்க்டிகாவின் ஓரத்தில் குளிர்ந்து, கடல்நீர் பனிக்கட்டியாகும்போது வெளியே தள்ளும் உப்பையும் சுமந்து கனத்து, அடியில் மூழ்கி, நூற்றாண்டுக் கணக்கில் ஊர்ந்து வந்தது. உப்பு இருப்பதால் கடல்நீர் 0 டிகிரியில் உறைவதில்லை, மைனஸ் 1.9 வரை நீராகவே இருக்கும். காசிமேட்டில் ஐஸ் கட்டியை உடைத்து மீன் பெட்டியில் நிரப்பும்போது ஒரு பிடி உப்பைத் தூவினால் குளிர் இன்னும் இறங்குவதும் இதே காரணத்தால்தான்.

மேல்நீரின் சூட்டையும் எப்போதும் நம்ப முடியாது. ஆனி, ஆடியில் வெயில் கொளுத்தும்போது கரையோரத்தில் சில நாள் கடல் திடீரென்று சில்லென்று இருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று கரைக்கு இணையாகத் தெற்கிலிருந்து வடக்கே வீசும் காலம் அது. பூமி சுழல்வதால் நம் அரைக்கோளத்தில் மேல்நீர், காற்று தள்ளும் திசைக்கு வலப்பக்கமாக விலகிப் போகும். வடக்கே தள்ளினால் வலப்பக்கம் கிழக்கு, அதாவது ஆழ்கடல். மேல்நீர் அப்படி ஒதுங்கினால் காலியாகும் இடத்தை நிரப்ப அடிநீர் மேலே ஏறும். அது குளிர்ந்த நீர். 1905-இல் எக்மன் என்ற சுவீடன் நாட்டவர் இந்த வலப்பக்கக் கணக்கைப் போட்டுக் காட்டினார். அடிநீர் தன்னோடு உரச்சத்தையும் தூக்கிக்கொண்டு வரும், நுண்பாசி பெருகும், மீனுக்குத் தீனி.

சரி, என் தலைப்புக்கு வருகிறேன். வடசென்னையில் நாம் பார்க்கும் கடல், ஆண்டு முழுவதும் ஒரே கடல் இல்லை.

இந்தியாவின் இரு பக்கமும் ஒரே அகலாங்கில் இரு கடல்கள். அரபிக்கடலில் ஆவியாகிப் போகும் நீர் அதிகம், வந்து சேரும் நல்ல நீர் குறைவு. அதன் மேல்நீரில் உப்பு பல இடங்களில் 36 கிராமைத் தாண்டும். வங்கக் கடலின் கதை நேர்மாறு. மழை கொட்டுகிறது, கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா எல்லாம் இங்கேதான் கொண்டுவந்து கொட்டுகின்றன. தென்மேற்குப் பருவமழை முடியும் தறுவாயில் வடக்கு வங்கக் கடலின் மேல்நீரில் உப்பு 30 கிராமுக்கும் கீழே போய்விடும். இந்த நீர் அங்கேயே நிற்பதில்லை. நம் கரையை ஒட்டி ஒரு பெரிய நீரோட்டம் ஓடுகிறது. பிப்ரவரி முதல் மே வரை அது தெற்கிலிருந்து வடக்கே போகும். ஐப்பசி, கார்த்திகையில் திசையை மாற்றிக்கொண்டு வடக்கிலிருந்து தெற்கே வரும். அப்படி வரும்போது அந்த நல்ல நீர்க் கலவையைக் கரையோரமாகவே ஆந்திரம் கடந்து, பழவேற்காடு கடந்து, காசிமேட்டுக்கு முன்னால் கொண்டுவந்து, இலங்கை வரை இழுத்துக்கொண்டு போகிறது.

மீனவர்கள் தெற்கிலிருந்து ஓடும் நீரோட்டத்தைத் தெண்டி என்றும், வடக்கிலிருந்து ஓடுவதை வன்னி என்றும் சொல்வார்கள். எந்தப் பக்கம் வலையை விரித்தால் எந்தப் பக்கம் இழுக்கும் என்பது அவர்களுக்குப் படகில் ஏறுவதற்கு முன்பே தெரிந்தாக வேண்டிய செய்தி. கடலியல் நூல் எழுதுபவர்கள் செயற்கைக்கோளில் பார்த்துச் சொல்வதும் அதையே. கங்கை நீராட வாரணாசி போக முடியாதவர்கள் மார்கழி மாதம் காசிமேட்டில் கடலில் இறங்கினால் ஓரளவு புண்ணியம் உண்டு என்று அண்ணனிடம் சொன்னேன். அப்படியானால் நாங்கள் தினமும் புண்ணியத்தில்தான் நிற்கிறோம் என்றார்.

இந்த மெல்லிய நல்ல நீர்ப் போர்வை செய்யும் வேலை சாதாரணமானதில்லை. உப்புக் குறைந்த நீர் இலேசு. அது மேலேயே நிற்கும். அடியிலுள்ள உப்பு நீரோடு எளிதில் கலக்காது. வெயிலின் சூடு அந்த மேல் அடுக்கிலேயே தேங்கும். புயலுக்குத் தீனி வெதுவெதுப்பான கடல்நீர்; 26.5 டிகிரிக்கு மேலாவது வேண்டும். பொதுவாக ஒரு புயல் கடலைக் கடையும்போது அடியிலிருந்து குளிர்ந்த நீர் ஏறி, புயலின் அடுப்பை அதுவே அணைக்கப் பார்க்கும். புயலுக்கு உள்ள இயற்கையான தடை இது. வங்கக் கடலில் நல்ல நீர்ப் போர்வை இருக்கும் காலத்தில் அந்தக் குளிர்நீர் ஏறி வருவது கடினம். அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும். தென்மேற்குப் பருவமழை முடிந்தபின் வரும் அக்டோபர், நவம்பர், டிசம்பரில்தான் நம் கரைக்குப் புயல் காலம் என்பதை இதோடு வைத்துப் பாருங்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னைக்குள் வந்து மரங்களைப் பிடுங்கிப் போட்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு புயலையும் இந்தப் போர்வையின் தலையில் கட்டிவிடக் கூடாது. காற்றின் போக்கு, வானத்து ஈரம் என்று வேறு கணக்குகளும் உண்டு. ஆனால் வங்கக் கடலின் புயலைக் கணிக்க முயல்பவர் உப்பையும் பார்க்காமல் முடியாது. அதற்காகத்தான் பள்ளிக்கரணையிலுள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் வங்கக் கடலில் மிதவைகளை நங்கூரமிட்டு வைத்திருக்கிறது. ஆர்கோ என்ற உலகத் திட்டத்தில் ஏறக்குறைய 4,000 தானியங்கி மிதவைகள், 2,000 மீட்டர் ஆழம் வரை முங்கி, பத்து நாளைக்கு ஒருமுறை மேலே வந்து சூட்டையும் உப்பையும் செயற்கைக்கோளுக்குச் சொல்லிவிட்டு மறுபடி முங்குகின்றன.

இதே அடுக்கு விளையாட்டைச் சின்ன அளவில் எண்ணூர் முகத்துவாரத்தில் பார்க்கலாம். கொசஸ்தலை ஆற்றில் மழை வெள்ளம் வரும்போது அது கடல்நீரின் மேலே ஏறி வெளியே போகும். அடியில் கடல்நீர் ஆப்பு போல உள்ளே நுழைந்து கிடக்கும். கையை விட்டு மேல் தண்ணீரை நக்கினால் ஏறக்குறைய நல்ல தண்ணீர், குச்சியில் பாட்டிலைக் கட்டி அடியில் மொண்டால் உப்பு. கோடையில் ஆற்றில் வரத்து நின்றதும் கழிமுகம் முழுவதும் கடலாகிவிடும். சில நேரம் மணல் முகத்துவாரத்தையே அடைத்துவிடும். இறால் குஞ்சுகள் இந்த உப்பும் நல்ல நீரும் மாறி மாறி வரும் இடத்தைத் தேடி வந்து வளர்ந்து, பெரிதானதும் கடலுக்குத் திரும்புகின்றன. அதனால் முகத்துவாரம் அடைபட்டால் கழிமுகத்தில் கைத்தடவி இறால் பிடிப்பவர்களின் சட்டி காலியாகிறது.

கடல்நீரை நல்ல தண்ணீராக்குவது இந்தக் கதையின் பின்பக்கம். மீஞ்சூர் ஆலை என்று பெயர் பெற்ற, காட்டுப்பள்ளியில் 2010-இல் தொடங்கிய ஆலை நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் திறனோடு கட்டப்பட்டது. மெல்லிய சவ்வின் ஒரு பக்கம் கடல்நீர், மறுபக்கம் நல்ல நீர் என்று வைத்தால் நல்ல நீர்தான் தானாக உப்புப் பக்கம் போகும். ஊறுகாய்க்கு உப்புப் போட்ட மாங்காய் நீர் விட்டுச் சுருங்குவது இப்படித்தான். அந்தப் போக்கைத் தடுத்து நிறுத்தவே ஏறக்குறைய 250 மீட்டர் உயரத் தண்ணீர்த் தூணின் அழுத்தம் வேண்டும். எதிர்த்திசையில் திருப்பி ஓட்ட அதைப்போல இரு மடங்குக்கும் மேல். ஆயிரம் லிட்டருக்கு மூன்று நான்கு யூனிட் மின்சாரம் போவது இதற்காகத்தான். மிச்சமாகும் நீர் கடலைவிட ஏறக்குறைய இரு மடங்கு உப்பானது, கனமானது. பரவலாகக் கலக்கும்படி விடாவிட்டால் அது அடியில் போய்த் தங்கும்.

ஒளியும் ஒலியும் பாக்கி. நீர் சிவப்பு ஒளியை முதலில் விழுங்கும், நீலத்தைக் கடைசியில். பத்து இருபது மீட்டர் ஆழத்தில் கையில் அடிபட்டால் ரத்தம் கருப்பச்சையாகத் தெரியும் என்பார்கள் முத்துக்குளித்தவர்கள். 200 மீட்டருக்குக் கீழே செடி வளரும் அளவுக்கு வெளிச்சம் இல்லை. 1,000 மீட்டருக்குக் கீழே இருட்டு. காசிமேட்டுக் கடல் நீலமாக இல்லாமல் பச்சையும் பழுப்புமாக இருப்பது அதிலுள்ள வண்டலும் நுண்பாசியும் செய்யும் வேலை. ஒலியோ நீரில் காற்றைவிட நான்கு மடங்குக்கும் மேல் வேகமாக, நொடிக்கு 1,500 மீட்டருக்கு மேல் பாயும். விசைப்படகுகளில் வைத்திருக்கும் மீன் காட்டும் கருவி அடியில் ஓர் ஒலியை அனுப்பி அது திரும்பும் நேரத்தை எண்ணுகிறது. 30 மீட்டர் ஆழத்துக்குப் போய்த் திரும்ப நொடியில் நூற்றில் நான்கு பங்குதான் ஆகிறது.

இனிப் பரணில் வைத்த இரண்டு பாட்டில்கள். மார்கழி பிறந்ததும் அண்ணனிடம் மறுபடி தண்ணீர் கேட்டேன். அதே இடத்தில் மொண்டு வந்தார். இந்த முறை கிண்டல் இல்லை; என்ன செய்யப்போகிறேன் என்று பார்க்க வீட்டுக்கே வந்து உட்கார்ந்தார், பையனையும் கூட்டிக்கொண்டு. காய்ச்சி எடை பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. உறிஞ்சு குழலின் அடியில் களிமண் ஒட்டி மிதவை செய்து இரண்டு தண்ணீரிலும் விட்டுப் பார்த்தேன். மூழ்கும் ஆழத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. அண்ணன் கொட்டாவி விட்டார்.

கடைசியில் சித்திரைத் தண்ணீரில் நாலு சொட்டு நீல மை விட்டுக் கலக்கி, கண்ணாடி டம்ளரில் பாதி ஊற்றினேன். இரண்டு தண்ணீரும் இரவு முழுவதும் ஒரே அறையில் இருந்ததால் சூட்டில் வித்தியாசம் இல்லை. மார்கழித் தண்ணீரை ஒரு கரண்டியின் முதுகில் விட்டு, விளிம்போரமாக, எண்ணெய் விடுவதுபோல் சொட்டுச் சொட்டாக இறக்கினேன். கீழே நீலம், மேலே நிறமில்லை, நடுவில் அடிமட்டம் வைத்துக் கிழித்ததுபோல் ஒரு கோடு. பையன் டம்ளரை லேசாக ஆட்டினான். மேல்பரப்பு அசையாததுபோல் இருந்தது. ஆனால் அந்த நீலக் கோட்டில் மட்டும் ஓர் அலை மெதுவாக, மிக மெதுவாக, இந்த விளிம்புக்கும் அந்த விளிம்புக்கும் போய் வந்தது. மேலே ஒன்றும் தெரியாமல் கடலுக்குள் இப்படித்தான் அலை ஓடும் என்று நான் சொல்வதற்குள் அண்ணன் சொல்லிவிட்டார், சில நாள் கடல் கண்ணாடி போல் கிடக்கும், ஆனால் கீழே விட்ட வலை மட்டும் ஏறி இறங்கும் என்று.

மறுநாள் காலையில் கோடு சற்று மங்கியிருந்தது. அப்போதும் நீலம் கீழேதான் இருந்தது.